மசகும் மசக்கையும்

தெருவில் எல்லாருக்கும் அவள் ஜிப்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. அங்கேயும் அதைத் தப்பாகத்தான் அடித்திருக்கிறார்கள். மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒரு கதவு அகலத்துக்கு அவளுடைய தையல் கடை. புதுத்துணி தைப்பதில்லை. தொளதொளத்ததைப் பிடிப்பாள், இறுகியதைப் பிரித்துவிடுவாள், நீளத்தைக் குறைப்பாள், எல்லாவற்றுக்கும் மேலாக ஜிப் பார்ப்பாள். சிக்கிக்கொண்ட ஜிப்பை யார் கொண்டுவந்தாலும் உடனே இழுத்துப் பார்க்க மாட்டாள். இழுப்பறையில் ஒரு மெழுகுவத்தித் துண்டு வைத்திருக்கிறாள். அதைப் பல் வரிசையில் இரண்டு தடவை தேய்த்துவிட்டுச் சுண்டுவிரலால் இழுத்தால் ஜிப் தானாக வழுக்கிக்கொண்டு போகும். "முரட்டுத்தனமா இழுத்தா பல்லுதான் போகும்" என்று எல்லாருக்கும் இலவசமாகச் சொல்லி அனுப்புவாள். அந்தப் புத்திமதி தனக்கும் உதவும் என்று ஐம்பத்தொரு வயதுவரை அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்காரருக்கும் வழுக்க வைப்பதுதான் தொழில். பாட்டில் மூடி செய்யும் ஆலையில் இயந்திரங்களுக்கு எண்ணெயும் கிரீஸும் போடுகிற பிரிவுக்கு அவர்தான் தலைவர். அங்கே அவருக்கு மசகு மாஸ்டர் என்று பெயர். உரசுகிற இடம் தேயாமல் இருக்கப் போடுகிற எதையும் மசகு என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். யாராவது வாய் தவறி ஆயில் என்று சொல்லிவிட்டால், "எந்த ஆயில்? வடை சுடறதா, தலைக்குத் தடவறதா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார். அவருடைய அறைக் கதவில் மஞ்சள் பெயின்டில் கொட்டை எழுத்தில் "மசகு அறை" என்று எழுதியிருக்கும். உள்ளே ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், அதில் இரண்டே வரி. முதல் வரி "மசகு", இரண்டாவது வரி "இடும் இடம்". இரண்டாவது வரி காலியாக இருக்கிற டப்பா அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரு தடவை யாரோ ரப்பர் வளையத்துக்குத் தப்பான கிரீஸைத் தடவிவிட்டார்கள். ரப்பர் உப்பிக் கிழிந்துபோனது. அன்றைக்கு மனிதர் சாப்பாட்டைத் தொடவில்லை. அவரை இனி நிறையக் கிண்டல் செய்யப் போகிறோம். ஆகையால் தொழிலில் கெட்டிக்காரர் என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

மாதவிலக்கு நின்றபோது ஜிப்பக்கா உள்ளூர ஒரு கும்மாளமே போட்டாள். தொல்லை விட்டது என்று மீதமிருந்த பஞ்சுப் பட்டைகளை எல்லாம் மகளுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். ஆனால் ஒரு தொல்லை போன வழியில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. வறட்சி. முதலில் தையல் ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்தால் மட்டும் எரிந்தது. பிறகு நடந்தால், சிறுநீர் கழித்தால், உள்ளாடையின் தையல் பட்டால். வீட்டுக்காரர் நெருங்கி வந்தால் கேட்கவே வேண்டாம். மணலை வைத்துத் தேய்க்கிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் கண்ணில் அது வலியாகத் தெரியவில்லை, வெறுப்பாகத் தெரிந்தது. ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன் அறைக்குப் போய்விட்டார். "தரையில படுத்தா முதுகுக்கு நல்லதாம்" என்றார். அவள் தடுக்கவில்லை. அவர் போனதில் உடம்புக்கு நிம்மதியாக இருந்தது, மனசுக்கு இல்லை. முப்பது வருஷமாகப் பக்கத்தில் கேட்ட குறட்டையை இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

எங்கே வறட்சி என்று நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. இதுதான் நம்முடைய நாகரிகம். யோனியில். எழுதிவிட்டேன், காகிதம் பற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஜிப்பக்காவின் வாயில் அந்தச் சொல் பிறந்ததே இல்லை. அவள் அம்மா "அங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை "நீங்களே வீட்டுல படிச்சுக்கோங்க" என்றார்கள். பிரசவம் பார்த்த நர்ஸ் "கீழ" என்றாள். ஆக, உடம்பில் ஒரு முகவரி இல்லாத இடம். அங்கே ஒரு கோளாறு என்றால் யாருக்கு, எப்படிச் சொல்லி அனுப்புவது?

கைவசம் இருந்ததை எல்லாம் அவளே போட்டுப் பார்த்தாள். கைக்குத் தடவும் வாசனை லோஷன் போட்டாள். எரிச்சலில் எழுந்து நின்றே ஒரு பொழுதைக் கழித்தாள். உதட்டு வெடிப்புக்கு வாங்கிய பெட்ரோலியம் ஜெல்லி போட்டாள். அது உள்ளே போய்க் குடித்தனம் நடத்த ஆரம்பித்தது, கழுவினாலும் போகவில்லை, ஒரு வாரத்தில் வாடை வந்தது. வாடை என்றால் அழுக்கு என்று எண்ணிக் கிருமிநாசினி சோப்பைப் போட்டு உள்ளே வரைக்கும் கழுவினாள். மிச்சம் மீதி இருந்த ஈரமும் போனது. சுத்தமாக இருக்கிற பெண் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு, பாத்ரூம் சுவரில் தலையைச் சாய்த்து அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்காரர் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, துணிந்துவிட்டாள்.

"ஏங்க, வறண்டு போச்சுங்க."

"காலையிலதானே தண்ணி ஏத்தினேன்?" அவர் மேலே தொட்டி இருக்கும் திசையைப் பார்த்தார்.

"தொட்டி இல்ல. எனக்கு."

"தண்ணி குடி. நீ தண்ணியே குடிக்கறதில்ல."

"தொண்டை இல்லங்க. அங்க."

"எங்க?"

"அங்கதான்."

அவர் சமையலறையைப் பார்த்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவர் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்து, அவர் முகத்தைப் பார்க்காமல், மின்விசிறி இறக்கையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். வெறுப்பு இல்லை, வலி என்றாள். அவருக்குக் காது நுனி சிவந்துபோனது. பிறகு தொழில்காரர் விழித்துக்கொண்டார்.

"மசகு பத்தலை" என்றார், டாக்டர் தீர்ப்பு சொல்கிற மாதிரி.

ஜிப்பக்காவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது! அதுவும் எப்பேர்ப்பட்ட பெயர்! பட்டப்பகலில் கதவில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் முகத்தைச் சுளிக்கப் போவதில்லை. முப்பது வருஷமாக அந்த மனிதர் வீட்டுக்குக் கொண்டுவந்த பொருள்களிலேயே உருப்படியானது அந்த ஒரு சொல்தான் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

"எங்க ஆலையில ஒண்ணு இருக்கு" என்றார் அவர், உற்சாகம் வந்து. "மூடியில பட்டாலும் குடிக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது. உணவுத் தரம். கொஞ்சம் கொண்டுவரவா?"

அவள் பார்த்த பார்வையில் அவர் மறுபடி விசிறியைத் துடைக்கப் போய்விட்டார்.

மருந்துக் கடையில் இதற்கென்றே விற்பார்கள் என்று மகள் வயதுப் பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருந்தது. முதலில் அவரைத்தான் அனுப்பினாள். இருமல் மிட்டாய் வாங்கிவந்தார். மறுபடி அனுப்பினாள். பல் துலக்கும் பிரஷ் வாங்கிவந்தார். "கூட்டமா இருந்துச்சு" என்றார். மூன்றாவது தடவை கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், கடைக்காரரோடு மழை வருமா வராதா என்று பேசிவிட்டு வெறுங்கையோடு வந்தார். டன் கணக்கில் மசகு வாங்கிக் கையெழுத்துப் போடுகிற மனிதரால் ஒரு விரல் நீள டியூப் வாங்க முடியவில்லை. சரி, இந்த ஆள் தேற மாட்டார் என்று அவளே கிளம்பினாள்.

அன்றைக்கென்று பார்த்துத் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணைக் குடைகிற இயந்திரம் அலறியது. கடையில் ஒரே ஒரு ஆள்தான், ஆனால் அந்த ஆள் கோடிவீட்டு டீச்சர். டீச்சர் நின்றால் தெருவே நிற்கிற மாதிரி. ஜிப்பக்கா மேஜைமேல் முக்கால்வாசி உடம்பைச் சாய்த்துக்கொண்டு, மருந்துக் கடைக்காரரின் காதருகே மென்று முழுங்கினாள்.

"மசகு... இருக்கா?"

"மசக்கையா?" என்றார் அவர். இயந்திரம் அலறியது. என்ன கேட்டார் என்று அவள் காதில் சரியாக விழவில்லை. தலையை ஆட்டினாள்.

"யாருக்கு? பொண்ணுக்கா?"

"எனக்குத்தான்."

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அவளுடைய நரையிலிருந்து செருப்பு வரை ஒரு முறை பார்த்தார். பிறகு பெரிய மனுஷனாக முகத்தை மாற்றிக்கொண்டார்.

"எவ்வளவு நாளா?"

"ஆறு மாசமா ரொம்ப இருக்கு."

"ஆறா! இப்பவும் கஷ்டமா இருக்கா?"

"எரியுது."

"நெஞ்சா?"

"கீழ."

"இருக்கும் இருக்கும். அந்த வெயிட்டு அழுத்துமில்ல. இதைக் காலையில வெறும் வயித்துல போடுங்க. வெட்கப்படாதீங்கக்கா, நல்ல விஷயம்தானே. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்." கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோது இயந்திரம் நின்றிருந்தது. தெருமுனைவரை கேட்டது.

எந்த வெயிட்டு என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரருடைய வெயிட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கூசிப்போய், காகித உறையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே மாத்திரைகள். களிம்பை எதிர்பார்த்தவளுக்கு முதலில் சந்தேகமாக இருந்தது. இப்போதெல்லாம் எல்லாம் மாத்திரையாக வந்துவிட்டது, உள்ளேயிருந்தே சுரக்க வைக்குமோ என்னவோ என்று சமாதானம் செய்துகொண்டாள். கூட இருந்த துண்டுச் சீட்டின் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. மடித்து இழுப்பறையில் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் போட்டாள்.

அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. வாந்தியை நிறுத்தும், கூடவே தூக்கத்தைக் கொடுக்கும், வாயை வறள வைக்கும். ஜிப்பக்கா தையல் இயந்திரத்தின் மேலேயே தூங்கி விழுந்தாள். ஒரு பேன்ட்டின் இரண்டு காலையும் சேர்த்து ஒன்றாகத் தைத்துக் கொடுத்தாள். கீழே மட்டும் இருந்த வறட்சி இப்போது மேலேயும் வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, முதலில் இப்படித்தான் படுத்தும் என்று பொறுத்துக்கொண்டாள்.

தூங்கி விழுந்ததும், தண்ணீராகக் குடித்ததும், இடுப்பைப் பிரித்த ஒரு பாவாடையை அளவு பார்ப்பதற்காகத் தன்மேல் வைத்துப் பார்த்ததும் தெருவுக்குப் போதுமான அத்தாட்சி. சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்து அவள் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டு, "நீங்க இனிமே வெயிட்டு தூக்கக் கூடாதுக்கா" என்றார். முன்பின் தெரியாத ஒருத்தி பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தாள். கோடிவீட்டு டீச்சர் எலுமிச்சம்பழம் நான்கு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் வயிற்றையே பார்த்துப் பேசிவிட்டுப் போனாள். வயதானால் ஜனங்கள் இவ்வளவு அன்பாக நடந்துகொள்வார்களா என்று ஜிப்பக்கா நெகிழ்ந்துபோனாள். ஐயோ பாவம்.

வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள்தான் போனில் உடைத்தாள்.

"என்னம்மா இது, இந்த வயசுல? நான் என் மாமியார் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நான் என்னடி பண்ணேன்?"

"என்ன பண்ணீங்கன்னு என்னைக் கேக்கறீங்களா? ஆறு மாசமாமே! அப்பாவாவது சொல்லியிருக்கலாம்ல?"

ஜிப்பக்காவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. குடம், பஸ், எலுமிச்சம்பழம், வெயிட்டு. இழுப்பறையைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சீட்டை வாசித்தாள். "மசக்கைக் கால வாந்திக்கு." வாசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், மகள் போனை வைத்த பிறகும் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். வீட்டுக்காரர் வரட்டும், அவரோடு சேர்ந்து இன்னொரு தடவை சிரிக்கலாம் என்று காத்திருந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க ஒன்று கிடைத்திருக்கிறது.

அவர் அன்றைக்கு ஆலையில் நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தார். "மாஸ்டர், அந்த மசகுல எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க" என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். மேலாளர் கூடக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். இவரும் அசடு வழிந்துகொண்டு நின்றார். பிறகு யாரோ, "ஆறு மாசமாமே மாஸ்டர்!" என்றார்கள். அங்கே அவருக்குள் ஏதோ ஒரு பல் முறிந்தது.

கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஆறு மாசம்ங்கறாங்க" என்றார்.

"ஆமாங்க, அந்தக் கூத்தைக் கேளுங்க..." என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

"நான் முன் ரூமுக்குப் போயி பத்து மாசம் ஆகுது."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "அதனால?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "யாரு?"

தெருவே பேசியதில் அவளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. இந்த ஒரு சொல்லில் நெஞ்சு கிழிந்தது. இவருக்காகத்தானே பல்லைக் கடித்தாள், இவர் பாயைத் திரும்பக் கொண்டுவரத்தானே வெட்கத்தை விட்டுக் கடைக்குப் போனாள்! சீட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார்.

"நீ என்ன கேட்ட?"

"நீங்க சொல்லிக்குடுத்ததைத்தான் கேட்டேன். மசகு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்தவர், மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், தொழில் குணத்தைக் காட்டினார்.

"இடும் இடம் சொன்னியா?"

"கீழன்னு சொன்னேன்."

"கீழன்னா? ஒரு டப்பாவுல கீழன்னு எழுதினா எந்த மெஷின்னு எவனுக்குத் தெரியும்?"

"அப்ப நீங்க சொல்லுங்க. அந்த இடத்துக்குப் பேரு என்ன? சொல்லுங்க பார்ப்போம்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சைக்கிள் கடையில் யாரோ மணியடித்துப் பார்க்கும் சத்தம்தான் கேட்டது.

"நல்லா வருது" என்றாள் ஜிப்பக்கா. "உங்களுக்குப் பேர் சொல்லத் தெரியாது. அந்த ஆளுக்குக் காது கேக்கத் தெரியாது. ஆனா யாருன்னு கேக்க மட்டும் வாய் வருது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்துவந்து, முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தெரு பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புதான்" என்றார். "நான் கேட்டது ரொம்பத் தப்பு." சொல்லிவிட்டு அவரும் அழுதார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

மறுநாள் இரண்டு பேருமாகப் பெண் டாக்டரிடம் போனார்கள். சின்ன அறை, ஒரு திரை, ஒரு கட்டில், கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரு டீ கோப்பை. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "யோனியில எரிச்சல் எப்பலேருந்து?" என்று கேட்டார், சளி எப்போதிலிருந்து என்று கேட்கிற மாதிரி. ஜிப்பக்கா திடுக்கிட்டுக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் பரிசோதித்துவிட்டு வந்து டாக்டர் சொன்னார்.

"மாதவிலக்கு நின்னா ஹார்மோன் குறையும். தோல் மெலிசாகி வறண்டு போகும். நிறையப் பேருக்கு வரும், யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்க அது மேல ஜெல்லியும் சோப்பும் போட்டுத் தொற்று வரவெச்சிருக்கீங்க. முதல்ல அதுக்கு மருந்து. அந்த வாந்தி மாத்திரையைக் குப்பையில போடுங்க, அது இன்னும் வறள வைக்கும்."

"அப்ப மசகு?" என்றார் வீட்டுக்காரர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். "எந்தத் தரம் டாக்டர்? பிசுபிசுப்பு எவ்வளவு இருக்கணும்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஆளைப் பார்த்துவிட்டு ஒழுங்காகவே பதில் சொன்னார். "பிசுபிசுப்பை விட முக்கியம் வேற இருக்கு. யோனிக்குள்ள இயற்கையாவே கொஞ்சம் அமிலம் இருக்கணும், கிருமி வராம அதுதான் காவல். போடறதும் அதுக்கு ஒத்துப் போகணும். தண்ணி சார்ந்ததா வாங்குங்க. வாசனை வேண்டாம், ருசி வேண்டாம், சூடு பண்றேன், குளுகுளுன்னு வைக்கறேன்னு போட்டிருந்தா வேண்டவே வேண்டாம். கிளிசரின் நிறைய இருக்கறதும் வேண்டாம். கரைஞ்ச சரக்கு அதிகமா இருந்தா ஈரத்தைக் குடுக்காது, அங்க இருக்கற ஈரத்தையே உறிஞ்சிடும்."

"மேல வழுவழுப்பு, உள்ள தேய்மானம்" என்றார் அவர், மெதுவாக.

"அதேதான். சீக்கிரம் காஞ்சிடுதுன்னா சிலிக்கோன் வகை ரொம்ப நேரம் நிக்கும். ஆணுறை போடறவங்க எண்ணெய் வகையைத் தொடவே கூடாது, ரப்பர் கிழிஞ்சிடும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரப்பர் விஷயத்தில் யாரும் அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் உடனே அவர் தோள் சரிந்தது. தப்பான கிரீஸ் பட்ட ஒரு ரப்பர் வளையத்துக்காகப் பட்டினி கிடந்தவர், பக்கத்தில் படுத்திருந்தவள் எதைத் தடவிக்கொண்டு எரிந்தாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது அவருக்கே உறைத்தது என்று முகம் சொன்னது.

"தொற்று ஆறினப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை ஈரம் குடுக்கற ஜெல் தனியா இருக்கு, அதையும் போடுங்க" என்றார் டாக்டர். "அதுலயும் சரியாகலைன்னா வாங்க, ஹார்மோன் களிம்பு பத்தி யோசிக்கலாம். வலிச்சா நிறுத்தணும். பல்லைக் கடிக்கக் கூடாது."

கடைசி வாக்கியத்தை டாக்டர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, அவரைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பும் வழியில் மருந்துக் கடை. சாயங்கால நேரம், நல்ல கூட்டம். கோடிவீட்டு டீச்சரும் இருந்தாள், எங்கே போய்விடுவாள்? வீட்டுக்காரர் இன்றைக்குத் தன் பாவத்தைக் கழுவிவிடுவது என்று முன்னால் போனார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"அது வந்து... மசகு..."

"இன்னும் வாந்தி நிக்கலையா?" என்றார் கடைக்காரர் கரிசனமாக.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். சிக்கிக்கொண்ட ஜிப் மாதிரி நின்றார், முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஜிப்பக்கா அவரைத் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். இன்றைக்கு மேஜைமேல் சாயவில்லை.

"வாந்தி இல்ல, வயித்துல பிள்ளையும் இல்ல. யோனி வறண்டு போச்சு. உடலுறவு வலிக்குது. அதுக்கு மசகு கேட்டேன்."

கடை கப்சிப். மருந்துக் கடைக்காரர் கையிலிருந்த தைலக் குப்பியை இறக்கி வைக்க மறந்து நின்றார்.

"ஏன் எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் அவள். குரல் நடுங்கத்தான் செய்தது, ஆனால் நிற்கவில்லை. "எனக்குப் பிள்ளை வருதுன்னு தெருவே பேசிச்சு, யாருக்கும் கூசலை. பஸ்ல எழுந்து இடம் குடுத்தாங்க. அந்தப் பிள்ளை வர்ற வழி எரியுதுன்னு சொன்னா மட்டும் கூசுதா?"

கடைக்காரர் குனிந்து, முகச்சவர சோப்புகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, ஒரு டப்பாவை எடுத்தார். மேலே கட்டிப்பிடித்த ஒரு ஜோடி, பக்கத்தில் ஒரு ஸ்ட்ராபெரி. ஜிப்பக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் படித்தாள்.

"வாசனை போட்டிருக்கு. சூடு பண்ணுமாம். வேற குடுங்க."

"இதுதான்க்கா எல்லாரும் வாங்கறது."

"எல்லாரும் வாங்கறாங்களா? இப்பதானே யாருக்கும் இது என்னன்னே தெரியாத மாதிரி நின்னாங்க?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்தது கடையில் இல்லை. வரவழைத்துத் தருகிறேன் என்றார் கடைக்காரர். அதைக் காதோடு காதாகச் சொன்னார். "சத்தமா சொல்லுங்க, எனக்குக் காது கேக்கலை" என்றாள் ஜிப்பக்கா.

அடுத்த வாரம் கோடிவீட்டு டீச்சர் தையல் கடைக்கு வந்தாள். கையில் ஒரு கைப்பை. ஜிப் சிக்கிக்கொள்கிறது என்றாள். ஜிப்பக்கா இழுத்துப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி போயிற்று, வந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"சில நேரம் மாட்டும்." டீச்சர் வாசலைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "அது வந்து... நீ வாங்கினியே, அது பேரு என்ன? எனக்கில்ல, எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க ஜிப்பக்காவிடம் நாலு கேள்வி தயாராக இருந்தது. ஆனால் டீச்சர் ஸ்டூலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எடையை ஒரு தொடையில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காரும் விதம் ஜிப்பக்காவுக்குத் தெரியும். அவளே அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"முதல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க, அந்த ஒருத்தியை" என்றாள். "சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம்னு சொல்லுங்க." டியூப்பின் பெயரையும் சொன்னாள். டீச்சர் போனபின் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், நன்றாக ஓடுகிற ஜிப்புகளோடு.

டியூப் வந்தது. தொற்று ஆறுகிறவரை அது அலமாரியில் துணிகளுக்கு நடுவில் இருந்தது. ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடையைப் பாதி நாளோடு மூடிவிட்டு மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தபோது முன் அறையில் பாய் இல்லை. அவர் அதைச் சுருட்டி உள்ளே கொண்டுபோயிருந்தார். படுக்கையறை ஜன்னல் ஓரத்தில் டியூப் நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்.

முதல் வரியில் அவருடைய கொட்டை எழுத்தில் "மசகு" என்று எழுதியிருந்தது, கீழே தண்ணீர் சார்ந்தது, வாசனை இல்லை என்று சின்னதாகக் குறிப்பு. இரண்டாவது வரி, "இடும் இடம்", காலி. எழுத முயன்று, ஒரு புள்ளி வைத்து, நிறுத்தியிருந்தார். மனிதர் கட்டில் நுனியில் தேர்வு எழுதப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாவது வரி காலியா இருந்தா வெளிய போகக் கூடாதுன்னு சட்டமாச்சே?" என்றாள்.

"கை வரலை" என்றார்.

அவள் தையல் பையிலிருந்து துணிக்கு அடையாளம் போடும் பேனாவை எடுத்தாள். துவைத்தாலும் போகாத மை. காலி வரியில் நிதானமாக எழுதினாள். எழுதிவிட்டு டியூப்பை அவர் கையில் கொடுத்தாள்.

"படிங்க."

அவர் படித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"எனக்குக் கேக்கலை."

அவர் ஜன்னலைப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. எழுந்துபோய் மூடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் மூடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, அவள் முகத்தைப் பார்த்து, அந்தச் சொல்லைச் சத்தமாகப் படித்தார்.